வாய்க்குள் போவதெல்லாம் இரைதான்

பெரிய வேட்டை மீன்களுக்குத் துணை மீன் தேர்ந்தெடுப்பது பற்றிய கட்டுரை ஒன்று மீன் வளர்ப்போரிடையே சுற்றி வருகிறது. ஆஸ்கர், சில்வர் அரோவானா, ரெட்டெய்ல் கேட்ஃபிஷ் மூன்றையும் குஞ்சாக இருக்கும்போதே ஒரு மூன்றடித் தொட்டியில் விடச் சொல்கிறார் அதை எழுதியவர். கூடவே வளர்ந்தால் ஒன்றோடொன்று பழகிவிடும், வயிறு நிறையத் தீனி போட்டால் வேட்டைக் குணம் அடங்கிவிடும், தொட்டிக்குத் தக்கபடிதான் மீன் வளரும், அழுக்கைச் சக்கர் மீன் பார்த்துக்கொள்ளும் என்பவை அவருடைய வாதங்கள். நான்கில் ஒன்றுகூட நிற்காது. பல காலம் மீன் வளர்த்தவன் என்று தன்னைச் சொல்லிக்கொள்பவர் இதை எழுதியிருப்பதை அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. இது பொறுப்பின்மை.

அவர் சேர்த்துவைக்கும் மூன்றையும் பாருங்கள். மூன்றும் அமேசான் படுகையைச் சேர்ந்தவை என்பதைத் தன் வாதத்துக்குப் பலமாகக் காட்டுகிறார். ஒரே ஆற்றில் வாழ்வதால் ஒன்றையொன்று தின்னாது என்று எந்த ஆறு சொன்னது? ஆஸ்கர் ஓரடி வளரும். சில்வர் அரோவானா மூன்றடி வரை போகும். நீர்மட்டத்துக்கு அருகிலேயே நீந்தி, கரையோரக் கிளையில் உட்கார்ந்திருக்கும் பூச்சியைத் துள்ளிப் பிடிக்கும் மீன் அது. ரெட்டெய்ல் கேட்ஃபிஷ் மூன்றடியையும் தாண்டும். ஐம்பது கிலோவுக்கு மேல் எடையுள்ளவை தூண்டிலில் சிக்கியிருக்கின்றன. அதன் வாய் தலையின் அகலத்துக்குத் திறக்கும். இரவில், மீசைகளால் தடவி உணர்ந்து இரை தேடும். பகலில் தொட்டியின் மூலையில் சாதுவாகப் படுத்திருப்பதைப் பார்த்துத்தான் நம் கட்டுரையாளர் அதற்கு நற்சான்று வழங்கியிருக்கிறார். விளக்கை அணைத்த பிறகு அது என்ன செய்கிறது என்று அவர் ஒரு வரிகூட எழுதவில்லை.

ஒன்றாக வளர்ந்தால் பழகிவிடும் என்பதில் ஒரு துளி உண்மை உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆஸ்கர் போன்ற சிக்லிட் மீன்களுக்கு முகம் தெரியும். தீனி போடுபவரைக் கண்டால் கண்ணாடியருகே ஓடிவரும். ஆனால் அடையாளம் தெரிவது வேறு, பாதுகாப்பு வேறு. இந்த மீன்கள் வாயைத் திறக்கும் கணத்தில் தண்ணீரோடு சேர்த்து இரையை உள்ளே உறிஞ்சிவிடுகின்றன. எதிரே இருப்பது வாய்க்குள் அடங்குமா என்பதுதான் அங்கே கேள்வி. இன்று அடங்காதது ஆறு மாதம் கழித்து அடங்கும், ஏனென்றால் எல்லா மீனும் ஒரே வேகத்தில் வளர்வதில்லை. அடங்காதபோதும் ஆபத்து தீர்வதில்லை. பாதி விழுங்கிய மீன் தொண்டையில் சிக்கினால் இரண்டும் சாகும். ஆஸ்கர் ஜோடி சேர்ந்து கல்லைச் சுத்தம் செய்து முட்டையிட்டுவிட்டாலோ, அதுவரை அருகில் நீந்திய எதையும் அடித்து விரட்டும். மூன்றடித் தொட்டியில் விரட்டப்படும் மீன் எங்கே ஓடும்?

கடைகளில் இவை எல்லாம் ஒரே தொட்டியில் சண்டையில்லாமல் இருக்கின்றனவே என்கிறார். சென்னைக் கொளத்தூர் மீன் கடைத் தொட்டியில் குஞ்சு மீன் சில நாட்கள் இருந்துவிட்டு விலைபோய்விடும். அங்கே நெரிசல் அதிகம், எதற்கும் தனக்கென்று ஓர் இடம் பிடிக்க வழியில்லை. ஆஸ்கர் பத்தாண்டுக்கு மேல் வாழக்கூடிய மீன். சில நாள் காட்சியை வைத்துப் பத்தாண்டுக்கு உத்தரவாதம் தருவது வியாபாரியின் பேச்சு, வளர்ப்பவனின் பேச்சு அல்ல.

தீனிக் கணக்கு இன்னும் மோசம். ஒரு நாளைக்கு நான்கு வேளை போடச் சொல்கிறார். வேட்டை மீன் பசிக்காக மட்டும் கவ்வுவதில்லை. துள்ளும் சிறு மீனைக் கண்டால் வயிறு நிறைந்திருந்தாலும் பாயும். அதிகமாகப் போட்ட தீனி அம்மோனியாவாக மாறுகிறது. பெரும்பகுதி செவுள் வழியாகவே வெளியேறித் தண்ணீரில் கலக்கும். ஃபில்டரில் உள்ள பாக்டீரியா அதை நைட்ரைட்டாக, பிறகு நைட்ரேட்டாக மாற்ற நேரமும் இடமும் வேண்டும். இருநூறு லிட்டருக்கும் குறைவான தண்ணீரில், இறைச்சி தின்னும் மூன்று பெரிய மீன்களுக்கு அது நடக்காது. உயிருள்ள தங்கமீனை வாங்கிப் போடலாம் என்றும் பரிந்துரைக்கிறார். தங்கமீனின் உடலில் தயமினேஸ் இருக்கிறது, அது வைட்டமின் பி1ஐச் சிதைக்கும். தொடர்ந்து அதையே தின்னும் மீன் நரம்புக் கோளாறு வந்து தடுமாறும். வெள்ளைப்புள்ளி நோயும் இரை மீனோடு இலவசமாக வந்து சேரும்.

தொட்டிக்குத் தக்கபடி மீன் வளரும் என்பது எத்தனை முறை மறுத்தாலும் சாகாத பொய். கெட்ட தண்ணீரிலும் நெருக்கடியிலும் வளர்ச்சி குன்றுவது நோயின் அறிகுறி. அதைத் திட்டமாக எழுதிவைப்பதா? மூன்றடி நீளத் தொட்டியில் மூன்றடி மீன் திரும்பக்கூட முடியாது.

சக்கர் மீனும் தென் அமெரிக்க இனம்தான். ஒன்றரை அடி வளரும், தின்பதற்கு ஏற்பக் கழிவு போடும். பாசி போதாதபோது பெரிய மீனின் உடலில் ஒட்டிக்கொண்டு மேல் வழுவழுப்பைச் சுரண்டும். கேட்ஃபிஷ் அதை விழுங்கப் பார்த்தால் துடுப்பு முட்களை விறைத்துக்கொள்ளும், தொண்டை கிழியும். துப்புரவாளர் என்று அவர் அனுப்பிவைப்பது இதைத்தான்.

எதைச் சேர்க்கலாம்? ஆறடித் தொட்டியும் வலுவான ஃபில்டரும் இருந்தால், ஆஸ்கரோடு ஐந்தாறு சில்வர் டாலர் இருக்கலாம். தட்டு போன்ற உயரமான உடல், வளர்ந்த பிறகு ஆஸ்கர் வாய்க்குள் நுழையாது. கூட்டமாக நீந்துவதால் ஒன்றின் மேலேயே அடி விழாது. அரோவானாவை வைத்துக்கொள்ள ஆறடியும் காலப்போக்கில் பற்றாது. ரெட்டெய்ல் கேட்ஃபிஷுக்கு வீட்டில் துணை மீனே கிடையாது. வீட்டுக்கே அது உகந்ததல்ல.

இந்தக் கட்டுரையை நம்பி வாங்கியவர்கள் ஓராண்டில் இடமில்லாமல் தவிப்பார்கள். அப்போது மீன் ஏரிக்குப் போகும். தமிழக ஏரிகளில் சக்கர் பெருகி மீனவர்களின் வலையைக் கிழிப்பது இப்படி விடப்பட்டவற்றால்தான். 2023இல் ஸ்ரீநகரின் தால் ஏரியில், வட அமெரிக்க ஆறுகளுக்குரிய அலிகேட்டர் கார் என்ற மீன்கூடப் பிடிபட்டது.

அந்தக் கட்டுரையாளர் தன் ஆலோசனையைத் திரும்பப் பெற வேண்டும். ஏற்கெனவே அப்படி ஒரு தொட்டி வைத்திருப்பவர்கள் இன்றே மீன்களைப் பிரித்துவிடுங்கள். இடமில்லாவிட்டால் வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுங்கள், விலை கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை. எந்த நிலையிலும் ஏரியிலோ குளத்திலோ விடாதீர்கள்.