ஓட்ஸ் ஜாம் பார்: ஒரு சின்ன ஐந்தொகை

"ஓட்ஸ் போட்டிருக்கு, உடம்புக்கு நல்லது" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், நம் வீடுகளில் எந்த இனிப்புக்கும் அனுமதி கிடைத்துவிடும். திருப்பூரில் ஓவன் வாங்கிய வீடுகளில் கேக், பிஸ்கட்டுக்கு அடுத்து செய்து பார்ப்பது ஓட்ஸ் ஜாம் பார். அடியில் ஓட்ஸ் கலவை, நடுவில் ஜாம், மேலே மீண்டும் உதிரியாகக் கொஞ்சம் கலவை. செய்வது சுலபம், ருசியும் அருமை. அதில் சண்டையே இல்லை. ஆனால் அதைச் சத்துணவு என்று நினைத்து, பனியன் கம்பெனிக்கு ஷிப்ட் போகிறவரின் டிபன் பாக்ஸிலும் பிள்ளைகளின் ஸ்கூல் பையிலும் தினமும் வைத்து அனுப்பலாமா? காமர்ஸ் படிக்கிறவர்கள் கணக்குப் பார்க்காமல் ஒப்புக்கொள்ளக் கூடாது அல்லவா? பார்த்துவிடுவோம்.

ஓட்ஸ் 200 கிராம், கோதுமை மாவு 100, வெண்ணெய் 100, நாட்டுச் சர்க்கரை 80, கடையில் வாங்கிய ஜாம் 200. 180 டிகிரியில் அரை மணி நேரம் வைத்து, ஆறியபின் வெட்டினால் 16 துண்டு. ஓவன் இல்லாதவர்கள் குக்கரில் கேஸ்கட்டையும் வெயிட்டையும் எடுத்துவிட்டு, அடியில் உப்பு பரப்பிச் செய்யலாம்.

முதலில் வரவு. ஓட்ஸுக்குப் பெயர் வாங்கித் தந்தது அதிலுள்ள பீட்டா குளுக்கான் என்ற நார்ச்சத்து. தினம் 3 கிராம் சாப்பிட்டால் கொலஸ்ட்ரால் குறைய உதவும் என்று பாக்கெட்டில் போட்டுக்கொள்ள 1997-இல் அமெரிக்க அரசு அனுமதி தந்தது. அந்த 3 கிராமுக்குச் சுமார் 70 கிராம் ஓட்ஸ் வேண்டும். நம் பாரில் துண்டுக்கு 12.5 கிராம்தான் இருக்கிறது. அதாவது ஐந்தாறு துண்டு தின்றால்தான் கணக்கு நேராகும்.

இனி செலவு. நம் நாட்டு உணவு விதிப்படி ஜாமில் பழம் 45 சதவீதம் இருந்தால் போதும். கரைந்திருக்கும் பொருள் 65 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. அதில் பெரும்பகுதி சர்க்கரைதான். நாட்டுச் சர்க்கரையையும் சேர்த்தால் துண்டுக்கு ஏறக்குறைய 13 கிராம். உலக சுகாதார நிறுவனம் 2015-இல் சொன்னது, சேர்க்கும் சர்க்கரை நாளொன்றுக்கு 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்று. இரண்டு துண்டிலேயே அது முடிந்தது! டீ, காபி இன்னும் கணக்கில் வரவில்லை. வெண்ணெயும் துண்டுக்கு 6 கிராம். ஓட்ஸ் குறைக்கும் கொலஸ்ட்ராலை வெண்ணெய் ஏற்றிவிடும். நாட்டுச் சர்க்கரையும் சர்க்கரைதான், நிறம் மட்டும்தான் வேறு.

இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் நீரிழிவு என்று 2023-இல் ஐ.சி.எம்.ஆர். ஆய்வு வெளியானது. அப்படியிருக்க இனிப்புக்கு மருந்து லேபிள் ஒட்டுவது விளையாட்டில்லை. இனிப்பு என்று தெரிந்து தின்பவர் ஒன்றோடு நிறுத்துவார். மருந்து என்று நினைப்பவர்தான் மூன்று எடுப்பார்.

அப்படியானால் வீட்டில் செய்யவே வேண்டாமா? கட்டாயம் செய்ய வேண்டும். சர்க்கரை டப்பா நம் கையில் இருப்பதுதான் வீட்டுச் சமையலின் லாபம். கடை ஜாமை விட்டுவிட்டு 300 கிராம் கொய்யாவை 60 கிராம் சர்க்கரை, அரை மூடி எலுமிச்சையோடு கிளறினால் போதும். கொய்யாவில் பெக்டின் இருப்பதால் தானே இறுகும். நாட்டுச் சர்க்கரையையும் பாதியாக்கினால், சேர்க்கும் சர்க்கரை மொத்தத்தில் ஏறக்குறைய பாதியாகிவிடும். ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும். ஜாமைக் கெடாமல் காப்பது சர்க்கரைதான். அதைக் குறைத்தால் ஃப்ரிட்ஜில் வைத்து ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும்.

இன்னொரு மாற்றமும் செய்யலாம். ஓட்ஸில் பாதியை எடுத்துவிட்டு, வறுத்த கம்பு அவல் சேர்க்கலாம். கம்பில் பீட்டா குளுக்கான் இல்லைதான். ஆனால் பாரில் கிடைப்பதே அரை கிராம் என்னும்போது பெரிய நஷ்டமில்லை, இரும்புச் சத்தும் கிடைக்கும். கம்பு மாவாகப் போடுவதானால் அன்றன்று அரைத்தது வேண்டும், பழசானால் கசக்கும்.

1755-இல் வந்த ஆங்கில அகராதியில் சாமுவேல் ஜான்சன், ஓட்ஸை இங்கிலாந்தில் குதிரை தின்பது, ஸ்காட்லாந்தில் மனிதர் தின்பது என்று கிண்டலடித்திருக்கிறார். இன்று அதே ஓட்ஸ் நமக்கு கௌரவமான காலை உணவு. பல்லடம், காங்கேயம் பக்கம் மானாவாரிக் காட்டில் விதைக்கும் சோளமோ பெரும்பாலும் மாட்டுத் தீவனமாகப் போகிறது. தானியத்தின் மதிப்பைச் சத்து மட்டுமா தீர்மானிக்கிறது? பாக்கெட்டும் விளம்பரமும்கூடத்தான்.

ஆகவே, ஜாம் பார் செய்யுங்கள், பக்கத்து வீட்டுக்கும் கொடுங்கள். கொடுக்கும்போது "உடம்புக்கு நல்லது" என்று சொல்லாமல், "இனிப்பு, ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிக் கொடுங்கள். கணக்கு அதைத்தான் சொல்கிறது.