மாஸ்கில் தேங்கும் நீரும் அலமாரியில் தூங்கும் கருவியும்



நம் குடும்பங்களில் குறட்டை என்பது நகைப்புக்குரிய செய்தியாகவே நெடுங்காலம் இருந்து வருகின்றது. வாப்பாவின் குறட்டையைப் பேரப்பிள்ளைகள் நடித்துக் காட்டுவார்கள், வீடே சிரிக்கும். அந்தக் குறட்டை நடுவில் திடீரென நின்று, சில நொடிகள் அமைதி நிலவி, பிறகு மூச்சுத் திணறலுடன் மீண்டும் தொடங்குவதை மட்டும் எவரும் பொருட்படுத்துவதில்லை. ஸ்லீப் ஆப்னியா எனப்படும் உறக்க மூச்சுத்தடை நோயின் அடையாளம் அந்த அமைதியில்தான் இருக்கின்றது.

இப்போது நிலை ஓரளவு மாறியிருக்கின்றது. பலர் பரிசோதனை செய்து கொள்கின்றனர். மருத்துவர் சொற்படி சிபேப் கருவியும் வாங்குகின்றனர். ஆனால் வாங்கியவர்களில் கணிசமானோர் சில வாரங்களிலேயே அதை அலமாரிக்குள் வைத்து விடுகின்றனர். காரணம் கேட்டால், "நடு இரவில் மாஸ்குக்குள் தண்ணீர் வந்து விடுகிறது, முகமெல்லாம் நனைகிறது, குழாய்க்குள் களகளவென்று சத்தம் கேட்கிறது" என்கின்றனர். இந்தக் காரணம் உண்மையானது. ஆயினும் எளிதில் நீக்கக் கூடியது. நீக்க வழியிருக்கும் ஒரு தொல்லைக்காக உயிர் காக்கும் சிகிச்சையைக் கைவிடுவது பொறுமையும் ஆகாது, சிக்கனமும் ஆகாது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

எதை இழக்கிறோம்?

உறக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப் பாதை அடைபடுகின்றது. 10 நொடிகளோ அதற்கு மேலோ மூச்சு நின்றால் அதை ஒரு தடையாகக் கணக்கிடுகின்றனர். முழுத் தடைகளையும் பகுதித் தடைகளையும் சேர்த்து மணிக்கு 5 முதல் 15 வரை என்றால் இலேசானது. 15 முதல் 30 வரை நடுத்தரம். 30க்கு மேல் கடுமையானது. ஒவ்வொரு தடையின்போதும் இரத்தத்தில் ஆக்சிஜன் குறைகின்றது, மூளை பதறி எழுப்புகின்றது, இதயம் வேகமெடுக்கின்றது. ஆண்டுக்கணக்கில் இது தொடரும்போது உயர் இரத்த அழுத்தம், இதயத் துடிப்புக் கோளாறு, பக்கவாதம் ஆகியவற்றின் வாய்ப்பு கூடுகின்றது. பகலில் வாகனம் ஓட்டுபவர் கண்ணயர்ந்து விட்டால் பாதிக்கப்படுவது அவர் ஒருவர் மட்டுமல்லர்.

சிபேப் கருவி செய்வது மிக எளிய செயல். சீரான அழுத்தத்தில் காற்றைச் செலுத்தி, மூச்சுப் பாதை மூடிவிடாமல் தாங்கி நிற்கின்றது. ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் காலின் சல்லிவன் என்ற மருத்துவர் 1980இல் உருவாக்கி, 1981இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்ட முறை இது. இதில் ஒன்றை நன்கு மனத்தில் இருத்த வேண்டும்: காற்றின் அழுத்தமே சிகிச்சை. ஈரம் என்பது மூக்கும் தொண்டையும் வறண்டு போகாதிருக்கச் சேர்க்கப்படும் ஒரு வசதி மட்டுமே. வசதி தொல்லையாக மாறினால் வசதியைச் சீர் செய்ய வேண்டுமே தவிர, சிகிச்சையை நிறுத்தக் கூடாது.

நீர் எங்கிருந்து வருகின்றது?

"கருவி ஒழுகுகிறது" என்று பலர் எண்ணுகின்றனர். பெரும்பாலும் அப்படியில்லை. குளிர்ந்த நீர் நிரம்பிய குவளையின் வெளிப்புறம் ஏன் வியர்க்கின்றதோ, அதே காரணம்தான் இதற்கும். 30 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 30 கிராம் நீராவியைத் தாங்கும். 20 டிகிரியில் சுமார் 17 கிராம்தான் தாங்கும். ஹியூமிடிஃபையர் என்னும் நீர்ப்பெட்டியில் சூடேறி ஈரம் ஏற்ற காற்று, குளிர்ந்த அறையில் கிடக்கும் நீண்ட குழாய் வழியாக வரும்போது ஆறி விடுகின்றது. தாங்க முடியாத மிச்ச நீராவி, துளிகளாகக் குழாயிலும் மாஸ்கிலும் படிகின்றது.

ஒரு கணக்குப் பாருங்கள். நிமிடத்துக்கு 30 லிட்டர் காற்று ஓடுகின்றது என்று வைத்துக் கொண்டால், எட்டு மணி நேரத்தில் 14 கன மீட்டருக்கும் மேல் காற்று அக்குழாயைக் கடக்கின்றது. கன மீட்டருக்கு இரண்டே இரண்டு கிராம் படிந்தாலும், விடிவதற்குள் 28 கிராம் ஆகி விடும். அதாவது ஐந்து தேக்கரண்டிக்கும் மேல். முகம் நனைவதில் வியப்பென்ன?

நம் ஊர்களுக்கு இதில் ஒரு தனிச் சிறப்பும் உண்டு. காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர் போன்ற கடலோர ஊர்களில் ஏசி இல்லாத அறையில் காற்று ஏற்கெனவே வெப்பமும் ஈரமும் கொண்டது. அங்கே ஹியூமிடிஃபையரை மிகக் குறைந்த அளவில் வைத்தாலே பலருக்குப் போதும். அதே மனிதர் வளைகுடா நாட்டில் வேலைக்குச் சென்று, 18 டிகிரியில் ஏசி ஓடும் அறையில் உறங்கும்போது, பழைய அளவுகள் பொருந்தா. ஆகவே, "கடைக்காரர் வைத்துக் கொடுத்த அளவு" என்று ஒன்றை எல்லா ஊருக்கும், எல்லாப் பருவத்துக்கும் நிலையானதாகக் கருதுவது சரியன்று.

செய்ய வேண்டியவை

முதலில் ஹியூமிடிஃபையரின் அளவை ஒரு படி குறையுங்கள். இரண்டு மூன்று இரவுகள் பார்த்து, தேவையானால் இன்னொரு படி குறையுங்கள். ஒரேயடியாக நிறுத்தி விட வேண்டாம். மூக்கு வறண்டு அடைத்துக் கொண்டால் வாயால் மூச்சு விடத் தொடங்குவோம். காற்று வாய்வழி வெளியேறும். பிறகு மாஸ்கே வேண்டாம் என்று தோன்றும். இந்த ஈர அளவை நாமே மாற்றிக் கொள்ளலாம். காற்றழுத்தத்தின் அளவை மட்டும் மருத்துவரைக் கேளாமல் தொடவே கூடாது.

இரண்டாவது, அறை. ஏசியை 25, 26 டிகிரிக்கு உயர்த்துங்கள். ஏசியின் காற்றோ மின்விசிறியின் காற்றோ நேரே குழாயின் மீது படாதபடி திருப்பி விடுங்கள்.

மூன்றாவது, குழாய். அதைப் போர்வைக்குள் கொண்டு வாருங்கள். அல்லது அதற்கென விற்கப்படும் துணியுறையை மாட்டுங்கள். வீட்டிலேயே பருத்தித் துணியில் தைத்துக் கொள்ளவும் முடியும். தொல்லை நீங்கவில்லையென்றால், உங்கள் கருவிக்குப் பொருந்தும் சூடேற்றும் குழாய் கிடைக்குமா என்று கேளுங்கள். காற்று வழியில் ஆறாதபடி அது காப்பதால், நீர் படிவதற்கான காரணமே பெருமளவு நீங்கி விடும்.

நான்காவது, கருவியின் இடம். தலையணையைவிடத் தாழ்வான சிறு முக்காலியில் கருவியை வையுங்கள். அப்போது குழாயில் சேரும் நீர் முகத்தை நோக்கி வராமல் பெட்டியை நோக்கியே வடியும். கருவியைக் கட்டிலின் தலைமாட்டுப் பலகையின் மேல் வைப்பவர்கள் தம் முகத்துக்குத் தாமே கால்வாய் வெட்டுகின்றனர். குழாய் நடுவில் தொங்கிக் குழியாகாமலும் பார்த்துக் கொள்ளுங்கள்; அங்கே தேங்கும் நீர்தான் களகளவென்று ஒலித்து உறக்கத்தைக் கெடுக்கின்றது.

இவற்றுக்குப் பின்னும், ஹியூமிடிஃபையர் முற்றிலும் அணைந்திருக்கும்போதுகூட மாஸ்கினுள் ஈரம் படிந்தால், அது நாம் வெளிவிடும் மூச்சின் ஈரமாக இருக்கலாம். மாஸ்கில் மூச்சு வெளியேறுவதற்கென உள்ள சிறு துளைகள் அழுக்கால் அடைபட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். போர்வையால் அவற்றை மூடி விடவும் கூடாது.

நம் அன்றாட வாழ்வுக்குரிய சில செய்திகள்

பொதுவான கையேடுகளில் எழுதப்படாத சிலவற்றை நாம்தான் நமக்குள் பேசிக் கொள்ள வேண்டும்.

தாடி வைத்திருப்பவர்களுக்கு வாயையும் மூக்கையும் மூடும் பெரிய மாஸ்க் சரியாகப் பொருந்தாமல் காற்று கசியலாம். கசிவு கூடினால் கருவி அதிகக் காற்றைத் தள்ளும். நீரும் விரைவில் தீரும். முகத்தின் மீது ஈரக் காற்று வீசிக் கொண்டே இருக்கும். இதற்காகத் தாடியை எடுக்க வேண்டியதில்லை, கருவியை விட வேண்டியதுமில்லை. மூக்குத் துவாரங்களில் மட்டும் பொருந்தும் சிறிய வகை மாஸ்க் இருக்கின்றது. வாயால் மூச்சு விடும் பழக்கம் இல்லாதவருக்கு அது பொருந்துமா என்று மருத்துவரிடம் கேட்கலாம்.

தஹஜ்ஜுத் தொழுகைக்கு எழுந்து உளூச் செய்தவர் மீண்டும் படுக்கும்போது, முகத்தையும் தாடியையும் நன்கு துடைத்து உலர்த்திய பிறகே மாஸ்கை அணிய வேண்டும். ஈர முகத்தில் மாஸ்க் வழுக்கும், கசியும்.

நீர்ப்பெட்டியில் காய்ச்சி வடித்த நீரையே ஊற்ற வேண்டும். அதை மருந்துக் கடையில் கேட்டு வாங்குங்கள். பேட்டரிக்கென விற்கப்படும் நீர் வேண்டாம். பரக்கத்தை நாடி ஸம்ஸம் நீரை ஊற்ற எண்ணுபவர்களும் நம்மிடையே இருக்கக் கூடும். ஸம்ஸம் தாது உப்புகள் நிறைந்தது. பெட்டியில் வெண்படலம் படியும். அது அருந்துவதற்குரியது, அருந்துவோம். அத்தர், யூகலிப்டஸ் தைலம் போன்ற எதையும் நீரில் சொட்டு விடவும் வேண்டாம். அறையில் சாம்பிராணியோ ஊதோ புகைத்தால், புகை அடங்கிய பிறகே கருவியை இயக்குங்கள். அறையின் காற்றைத்தான் அது நம் நுரையீரலுக்குள் செலுத்துகின்றது.

தூய்மை ஈமானோடு இணைத்துப் பேசப்படும் மார்க்கம் நம்முடையது. காலையில் மிச்ச நீரைக் கொட்டி, பெட்டியைத் திறந்து உலர விடுங்கள்; முகத்தில் படும் பகுதியை இலேசான சோப்பால் நாள்தோறும் கழுவுங்கள்; குழாயை வாரம் ஒரு முறை கழுவி நிழலில் தொங்க விடுங்கள். தேங்கிய ஈரத்தில் பூஞ்சையும் கிருமியும் வளரும். ஓசோன் வாயுவால் சுத்தம் செய்யும் கருவிகளை நம்பிப் பணம் செலவிட வேண்டாம். அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2020இலேயே அவை குறித்து எச்சரித்துள்ளது.

ரமளானில் நம் உறக்கம் இரண்டாக உடைகின்றது. தராவீஹுக்குப் பின் ஸஹர் வரை ஒரு பகுதி. ஃபஜ்ருக்குப் பின் ஒரு பகுதி. முதல் உறக்கத்தில் மாஸ்க் அணியும் பலர், ஃபஜ்ருக்குப் பின் "கொஞ்ச நேரம்தானே" என்று அணியாமலே படுத்து விடுகின்றனர். ஆனால் கனவு மிகுந்த உறக்க நிலை விடியற்காலையை ஒட்டியே அதிகம். பலருக்கு மூச்சுத்தடை கடுமையாவதும் அந்நிலையில்தான். நோன்பு குறித்த ஐயத்தால் தவிர்ப்பவர்களுக்கும் ஒரு சொல்: 1997இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாதமி, ஆக்சிஜன் வாயுவை நோன்பை முறிக்காதவற்றுள் சேர்த்திருக்கின்றது. ஈரம் சேர்ந்த காற்றைப் பற்றி மனம் உறுத்தினால், நம்பிக்கைக்குரிய ஆலிமிடம் கேளுங்கள். அதுவரை ஹியூமிடிஃபையரை மட்டும் அணைத்து வைத்து, கருவியை இயக்குங்கள். சிகிச்சை அழுத்தத்தில்தான் இருக்கின்றது என்று முன்பே கூறினோம் அல்லவா?

பொறுப்பு யாருடையது?

நோயாளியை மட்டும் குறை கூறுவது நீதியன்று. பல ஆயிரம் ரூபாய் பெற்றுக் கொண்டு கருவியை விற்பவர், பெட்டியைத் திறந்து பத்து நிமிடம் காட்டி விட்டுப் போய் விடுகின்றார். எந்தப் பொத்தான் ஈரத்துக்குரியது, பருவம் மாறினால் என்ன செய்வது என்பதைச் சொல்வதில்லை. பொருளின் குறையை மறைக்காமல் விற்பது வணிகத்தில் நம் மார்க்கம் வலியுறுத்தும் கடமை. பொருளைப் பயன்படுத்தும் முறையைச் சொல்லாமல் விற்பதும் அக்கடமையில் குறைவுதான். ஒரு மாதம் கழித்து ஒரு தொலைபேசி அழைப்பு எத்தனையோ கருவிகளை அலமாரியிலிருந்து மீட்கும்.

குடும்பத்துக்கும் பங்குண்டு. மாஸ்க் அணிந்தவரைப் பார்த்து, "விமானம் ஓட்டப் போகிறீர்களா?" என்று கேலி செய்வதை நிறுத்துவோம். பெண்களுக்கும் இந்நோய் வரும். அவர்களோ குறட்டையைச் சொல்லவே கூசுகின்றனர். மனைவி மாஸ்க் அணிந்தால் கணவர் முகம் சுளிக்கும் வீட்டில் அந்தக் கருவி எத்தனை நாள் இயங்கும்?

"நம் முன்னோர்கள் இதெல்லாம் இல்லாமல் வாழவில்லையா?" என்று சிலர் கேட்கக் கூடும். வாழ்ந்தார்கள், அவர்களில் சிலர் உறக்கத்திலேயே மௌத்தானார்கள். ஏன் என்று நாம் கேட்டதில்லை. அஜல் அல்லாஹ்வின் கையில் என்ற நம்பிக்கை, மருத்துவம் செய்வதை ஒருபோதும் தடுத்ததில்லை. உடல் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானத். கிடைத்த சிகிச்சையை ஐந்து தேக்கரண்டி நீருக்காக ஒதுக்கி வைத்தால், அந்த அமானத்துக்கு நாம் என்ன பதில் சொல்வோம்?

அலமாரியில் கருவி இருக்கும் சகோதரர்கள் இன்றிரவே அதை எடுங்கள். தூசி துடைத்து, வடிகட்டியை மாற்றி, மாஸ்கைக் கழுவி, ஈர அளவை ஒரு படி குறைத்து, கருவியைத் தலையணையைவிடத் தாழ வையுங்கள். நீண்ட காலம் பயன்படுத்தாமல் இருந்திருந்தால், பழைய அழுத்த அளவு இன்றும் பொருந்துமா என்று மருத்துவரிடம் ஒரு முறை காட்டி விடுங்கள்.

எல்லாம் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் நிம்மதியான உறக்கத்தையும், ஃபஜ்ருக்குப் புத்துணர்வுடன் எழும் உடல்நலத்தையும் தந்தருள்வானாக! ஆமீன்.