ஜூன் 30-ல் துடைத்து காலியாகும் கஜானா! அமரர் ஊர்திக்கு டயர் மாத்த காசு எங்கே?

ஜூன் மாசக் கடைசி வந்துட்டா போதும். சின்ன ஊர் அரிமா சங்கம், ரோட்டரி சங்கங்கள் பலவற்றில் திடீர் சுறுசுறுப்பு. ஒரே வாரத்தில் தையல் மிஷின், ஸ்கூல் பேக், அன்னதானம் என்று விழா மேல் விழா. காரணம் இதுதான். இந்த சங்கங்களுக்கு வருஷம் பிறப்பது ஜூலை 1-ந்தேதி. நாற்காலியை விட்டு இறங்குவதற்குள் இருக்கிற காசை தன் பேரில் செலவழித்து விட வேண்டும் என்பது பழைய தலைவரின் அவசரம். புதுசா வருபவர் கையில் காலி பாஸ்புக்.

தையல் மிஷின் கொடுத்தது தப்பா என்று கேட்கலாம். தப்பில்லை. ஆனால் அதே சங்கம் ஐஸ் பெட்டியும் அமரர் ஊர்தியும் ஓட்டுகிறதே? டிரைவர் சம்பளம், இன்சூரன்ஸ், எப்.சி. எல்லாம் மாசாமாசம், வருஷாவருஷம் வரும் செலவு. டயர் தேய்ந்து வண்டி ஷெட்டில் நின்றால் பாதிப்பு யாருக்கு? கூலி வேலை பார்க்கிற குடும்பம்தான் துக்கத்தோடு தனியார் வண்டிக்கு கடன் வாங்கி அலையணும்.

ஒரு கணக்கு போடுவோம். 25 உறுப்பினர், ஆளுக்கு 4 ஆயிரம் சந்தா என்று வைத்தால் வருஷத்துக்கு 1 லட்சம். மேலிடத்துக்கு கட்டுவது, மண்டபம், பொன்னாடை போக மிஞ்சுவது சொற்பம். ஆக, சேவை நடப்பது பெரும்பாலும் ஊர் ஜனங்கள் கொடுக்கும் நன்கொடையில்தான். அதனால்தான் அரிமா சங்க விதியிலேயே நிர்வாகக் கணக்கு தனி, சேவைக் கணக்கு தனி. ஜனங்களிடம் வாங்கிய பணத்தில் பொன்னாடை வாங்கக் கூடாது.

"சேர்த்து வச்சா இன்கம்டாக்ஸ் பிடிச்சுக்கும்" என்பார்கள். பாதிதான் உண்மை. வரிச்சலுகைக்கு பதிவு பெற்ற அறக்கட்டளை, வருமானத்தில் 85 சதவீதத்தை சேவைக்கு செலவழிக்கணும். மீதி 15 சதவீதத்தை சேமிக்க தடையில்லை. அதுக்கு மேலும் வேணும்னா, இன்ன காரியத்துக்கு என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்து 5 வருஷம் வரை வைக்கலாம். 6 மாச வண்டிச் செலவையாவது ஒதுக்கி வைக்க இதுவே தாராளம்.

அதுக்காக லட்சக்கணக்கில் பிக்சட் டெபாசிட் போட்டு, ரெண்டு மூணு பேர் மட்டும் பூட்டி வைத்து உட்கார்ந்தால் அதுவும் வம்பு. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-ன்படி வருஷாவருஷம் பொதுக்குழு கூட்டி கணக்கு காட்டணும், பதிவாளரிடம் தாக்கல் செய்யணும். சந்தேகம் இருந்தால் உறுப்பினர்களில் 3-ல் ஒரு பங்கு பேர் சேர்ந்து மாவட்ட பதிவாளரிடம் விசாரணை கேட்டு மனு கொடுக்கலாம்.