சாவி யார் கையில்?



"காரை விற்றுவிடலாமா?" என்று எங்கள் அலுவலக நண்பர் ஒருவர் கேட்டாலும் கேட்டார், ஒரு வாரமாக மதியச் சாப்பாட்டு நேரத்தில் வேறு பேச்சே இல்லை. அவர் வேளச்சேரிவாசி, வேலைக்கு ரயிலில் வருகிறார். கார் உறையைப் போர்த்திக்கொண்டு வாசலில் நிற்கிறது. எலி ஒயரைக் கடிக்கிறது, பேட்டரி இறங்கிவிடுகிறது. ஐப்பசியில் வானம் இருண்டால் வெள்ளத்துக்குப் பயந்து மேம்பாலத்தில் இடம் பிடிக்க ஓட வேண்டும். 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தின் ஓரத்தில் கார்கள் வரிசைகட்டி நின்றது நினைவிருக்கும். மனிதர்கள் தரைத்தளத்தில், கார்கள் மேலே!

ஓட்டாத காருக்குச் செலவில்லை என்று பலரும் நினைக்கிறோம். இன்சூரன்ஸ்காரர்கள் அப்படி நினைப்பதில்லை. புதுக் கார் ஆறு மாதத்தைத் தாண்டியதுமே அதன் மதிப்பில் 15 சதவீதத்தைக் கழித்துவிடுகிறார்கள். நான்கு வருடம் தாண்டினால் 50 சதவீதம் போய்விடும். 10 லட்ச ரூபாய்க் கார் என்றால் ஐந்து வருடத்தில் 5 லட்சம், மாதத்துக்கு 8,300 ரூபாய்ச் சொச்சம். கடன் வட்டி, சர்வீஸ், பெட்ரோல் எல்லாம் இதற்கு மேல். ஒரு சவாரிக்கு 400 ரூபாய் என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும், இந்தத் தேய்மானப் பணத்திலேயே மாதம் 20 தடவை ஆட்டோவிலோ கால் டாக்சியிலோ போகலாம்.

ஆனால் எட்டு, ஒன்பது வருடக் கார் வைத்திருப்பவருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. விழ வேண்டிய விலை பெரும்பாலும் விழுந்தாயிற்று. விற்றாலும் பெரிதாக ஒன்றும் கைக்கு வராது. அவர் 15 வருடம் முடியும்வரை ஓட்டிவிட்டு அப்புறம் யோசிக்கலாம். அப்போது பதிவைப் புதுப்பிக்க வேண்டியிருக்கும்; அதற்கு முன்பு 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது, எஃப்.சி.யும் எடுக்க வேண்டும்.

பணக் கணக்கில் அடங்காதவையும் உண்டு. நள்ளிரவில் அம்மாவுக்கு மூச்சு வாங்கினால்? 108 இருக்கிறது என்று சொன்னாலும் மனம் கேட்காது. குலதெய்வம் கோயிலுக்குப் பொங்கல் பானையோடு எப்படிப் போவது? "எங்க சார் போகணும்? கேஷா, ஆன்லைனா?" என்று கேட்டுவிட்டுச் சவாரியை ரத்து செய்யும் டிரைவர்களிடம் யார் மல்லுக்கட்டுவது? எல்லாம் நியாயமான கேள்விகள்தாம்.

இவற்றைக் கேட்பவர்கள் பெரும்பாலும் ஆண்கள் என்பதை மட்டும் கவனித்தேன். நண்பரின் மனைவியிடம் கேட்டபோது, "அந்தக் கார் எனக்கு என்னைக்குங்க வந்துச்சு?" என்று சிரித்தார். ஷேர் ஆட்டோவிலும், 2021 முதல் பெண்களுக்குக் கட்டணமில்லாத சாதாரணப் பேருந்திலும்தான் அவர் மார்க்கெட், பள்ளிக்கூடம், பேங்க் எல்லாம் போய்வருகிறார். பல வீடுகளில் பாதிப் பேர் கார் இல்லாமல்தான் வாழ்கிறார்கள். முடிவெடுக்குமுன் அவர்களைக் கேளுங்கள். மாமியாரின் முழங்கால் பேருந்துப் படி ஏறுமா என்பது அவர்களுக்குத்தான் தெரியும். தாழ்தளப் பேருந்துகள் 2024-இல் சென்னைச் சாலைகளுக்குத் திரும்பியிருக்கின்றன, மெட்ரோவில் லிஃப்ட் இருக்கிறது. உங்கள் தெருமுனைக்கு அவை வருகின்றனவா என்பதுதான் விஷயம். கடைசிப் பேருந்து எட்டு மணிக்கே போய்விடும் ஊர்க்காரர்களுக்கு நான் எதுவும் சொல்லத் துணியவில்லை. நீங்கள் காரை வைத்துக்கொள்ளுங்கள்.

விற்பதென்று முடிவானால், பணம் வந்ததும் சாவியைக் கொடுத்துவிட்டு மறந்துவிடாதீர்கள். படிவம் 29, 30 கொடுத்து ஆர்.சி.யில் பெயர் மாறியதைக் கண்ணால் பார்த்துவிடுங்கள். பெயர் மாறாதவரை, விபத்து நடந்தால் இழப்பீட்டுப் பொறுப்பு பதிவேட்டில் உள்ள உரிமையாளருக்கே என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்திருக்கிறது. ஃபாஸ்டாக் கணக்கையும் மூடிவிடுங்கள். இல்லையென்றால் வாங்கியவர் திருச்சி போய்வரும் சுங்கக் கட்டணம் உங்கள் பணத்தில் கழியும்.

அன்புடன்,
ஆசிரியர்