மினிமம் பேலன்ஸ் அபராதம்: வங்கி பிடித்த பணத்தைத் திரும்பக் கேட்க முடியுமா?

மாதக் கடைசி. கணக்கில் 640 ரூபாய்தான் இருக்கிறது என்று தெரிந்து ஏடிஎம் பக்கமே போகாமல் இருக்கிறார் ஒருவர். அந்த நேரம் பார்த்து ஒரு எஸ்எம்எஸ்: குறைந்தபட்ச இருப்பு இல்லாததால் அபராதம், அதற்கு மேல் 18% ஜிஎஸ்டி. பணம் இல்லை என்பதற்காகவே பணம் பிடிக்கிறார்கள்!

தனித்தனியாகப் பார்த்தால் சின்னத் தொகைதான். ஆனால் 2019-20 முதல் 2023-24 வரை ஐந்து ஆண்டுகளில் பொதுத்துறை வங்கிகள் இப்படி வசூலித்தது சுமார் 8,500 கோடி ரூபாய். நாடாளுமன்றத்தில் மத்திய நிதி அமைச்சகமே கொடுத்த கணக்கு இது. இத்தனைக்கும் நாட்டின் மிகப்பெரிய வங்கியான எஸ்பிஐ, 2020 மார்ச்சிலேயே இந்த அபராதத்தைக் கைவிட்டுவிட்டது.

மற்ற பொதுத்துறை வங்கிகள் மெதுவாகத்தான் வந்தன. 2025 ஜூன் 1 முதல் கனரா வங்கியும், ஜூலையில் பஞ்சாப் நேஷனல் வங்கி, இந்தியன் வங்கி ஆகியவையும் சேமிப்புக் கணக்குகளுக்கு இதை ரத்து செய்தன. அந்தந்தத் தேதியிலிருந்துதான் இது அமல். பழைய அபராதத்துக்கு இல்லை.

தனியார் வங்கிகளில் கதையே வேறு. 2025 ஆகஸ்ட்டில் ஐசிஐசிஐ வங்கி, நகர்ப்புறப் புதிய கணக்குகளுக்கு மாதச் சராசரி இருப்பை 50,000 ரூபாயாக உயர்த்தியது. கடும் எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களிலேயே 15,000 ஆகக் குறைத்தது. எவ்வளவு இருப்பு வேண்டும் என்பது வங்கிகளின் முடிவு என்று சொல்லி ரிசர்வ் வங்கி ஒதுங்கிக்கொண்டது.

பிடிப்பதற்கும் விதி உண்டு

இருப்பு எவ்வளவு என்பது வங்கியின் இஷ்டம். அபராதம் பிடிக்கும் முறை அப்படியல்ல. 2015 ஏப்ரல் 1 முதல் ரிசர்வ் வங்கியின் விதி இருக்கிறது. இருப்பு குறைந்தால் முதலில் எஸ்எம்எஸ், இமெயில் அல்லது கடிதம் மூலம் சொல்ல வேண்டும். சரிசெய்ய குறைந்தது ஒரு மாதம் தர வேண்டும். எவ்வளவு குறைகிறதோ அதற்கு ஏற்பத்தான் அபராதம். 500 ரூபாய் குறைந்தவருக்கும் 9,000 குறைந்தவருக்கும் ஒரே தொகை போடக்கூடாது. அபராதத்தால் மட்டுமே கணக்கு மைனஸில் போகவும் கூடாது.

கிளைக்குப் போகும் பலர், "சார், கொஞ்சம் பார்த்து பண்ணுங்க" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். அதைவிட, "எந்தத் தேதியில் எனக்குத் தகவல் அனுப்பினீங்க? எவ்வளவு குறைஞ்சதுக்கு எவ்வளவு போட்டீங்க?" என்று எழுத்தில் கேட்பது நல்லது. முதல் கேள்விக்குப் பதில் இல்லையென்றால், பணத்தைத் திருப்பிக் கேட்க அதுவே போதுமான காரணம்.

அதிகம் மாட்டுவது வேலை மாறியவர்கள். சம்பளம் வருவது சில மாதங்கள் நின்றாலே, ஜீரோ பேலன்ஸ் சம்பளக் கணக்கு சாதாரண சேமிப்புக் கணக்காக மாறிவிடும். பழைய கம்பெனி கணக்கை மறந்தே போயிருப்பார்கள். அபராதம் மட்டும் ஏறிக்கொண்டிருக்கும். தேவையில்லை என்றால் மூடிவிடலாம்.

வைத்துக்கொள்ள வேண்டும் என்றால் அடிப்படை சேமிப்புக் கணக்காக மாற்றித் தரச் சொல்லலாம். எல்லா வங்கியிலும் இந்த வசதி உண்டு, மினிமம் பேலன்ஸ் கிடையாது. ஆனால் அதே வங்கியில் வேறு சேமிப்புக் கணக்கு வைத்திருக்க முடியாது. கவுன்டரில் இதை அவர்களாக எடுத்துச் சொல்வது அபூர்வம். நாம்தான் கேட்க வேண்டும்.

வங்கி மறுத்தால்?

புகார் கொடுத்து 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி இல்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை. அதன் சிஎம்எஸ் இணையதளத்தில் புகாரைப் பதியலாம். விவரம் கேட்க 14448 என்ற எண் இருக்கிறது. வங்கியிடம் முதலில் புகார் கொடுக்காமல் நேராக இங்கே போனால் மனுவை ஏற்க மாட்டார்கள். அதனால் கிளையில் கடிதம் கொடுக்கும்போதே நகலில் சீலும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள்.