நாப்பழக்கம்

திருப்பூரிலிருந்து அவிநாசிக்குச் செல்லும் சாலையில் அமைந்துள்ளது அனுப்பர்பாளையம். பித்தளையும் செம்பும் குடமாகவும் அண்டாவாகவும் உருப்பெறும் ஊர் அது. எவர்சில்வர் பாத்திரங்களும் அங்கே செய்யப்படுகின்றன. பாத்திரப் பட்டறையில் தொழில் பழக விரும்பும் ஒருவன், சுத்தியல் பிடிக்கும் முறையை ஏட்டில் எழுதிக்கொண்டு வாயிலில் நிற்பதில்லை. உள்ளே சென்று, தொழில் அறிந்தவர் அருகில் அமர்ந்து, தானும் தட்டுகின்றான். முதல் நாள் அவன் தட்டும் அடி ஓரிடத்தில் மிகும், ஓரிடத்தில் குறையும். தகடு நெளியும். அந்நெளிவை நிமிர்த்த நிமிர்த்த அவன் கை திருந்துகின்றது. முதல் அடியே செம்மையாக விழவேண்டும் என்று காத்திருப்பவன் என்றும் ஒரு குடம் செய்யப்போவதில்லை.

கைத்தொழிலுக்குக் கைப்பழக்கம் எவ்வாறோ, மொழிக்கு நாப்பழக்கம் அவ்வாறே. இதனை நம் முன்னோர் நன்கு உணர்ந்திருந்தனர். ஆயினும், ஆங்கிலம் பேசுதல் என்னும் ஒன்றில் மட்டும் நாம் இவ்வுண்மையை மறந்துவிடுகின்றோம். பள்ளியில் பல ஆண்டுகள் ஆங்கிலம் பயில்கின்றோம். பாடங்களைப் படித்துத் தேர்வும் எழுதுகின்றோம். ஆனால் அயலார் ஒருவர் எதிரே வந்து ஆங்கிலத்தில் ஒரு வினா வினவினால், வாயடைத்து நிற்கின்றோம். சொல் தெரியாமையா இதற்குக் காரணம்? அன்று. பிழை நேர்ந்துவிடுமோ, பிறர் நகைப்பரோ என்னும் அச்சமே காரணம். இவ்வச்சத்தை நீக்குவதே ஆங்கிலம் பேசக் கற்பவன் பெறவேண்டிய முதற் பயிற்சி என்பது என் கருத்து. அச்சம் நீங்குவதற்குக் கற்பவனது துணிவு வேண்டும். கேட்பவரது பண்பும் வேண்டும்.

இஃது ஒரு சிறு குறை என்று கருதலாகாது. திருப்பூர் பின்னலாடைத் தொழிலால் உலகறிந்த நகரம். 1970-களின் பிற்பகுதியில் இத்தாலி நாட்டு வணிகர்கள் இங்கு வந்து ஆடைகள் வாங்கத் தொடங்கினர். இன்று ஐரோப்பிய நாடுகளுக்கும் அமெரிக்காவுக்கும் இங்கிருந்து ஆடைகள் செல்கின்றன. அத்தகைய பனியன் கம்பெனி ஒன்றில், செக்கிங் பிரிவில் பணிபுரியும் பெண் ஒருத்தி இருக்கின்றாள் எனக் கொள்வோம். ஆடையின் தோள் தையலில் உள்ள குறையை முதலில் காண்பது அவள் கண்ணே. அது எவ்வாறு நேர்ந்தது என்பதையும் அவள் அறிவாள். வெளிநாட்டு வணிகர் வந்து காரணம் கேட்கின்றார். அவளுக்கு விடை தெரியும். ஆனால் நா எழவில்லை. அத்தொழிலை அவளினும் குறைவாக அறிந்த வேறொருவர் முன்வந்து விடை கூறுகின்றார். அறிவு அவளுடையது, பாராட்டு அவருடையதாகின்றது. அவர் தவறாகக் கூறினாலும் அவளால் திருத்த இயலவில்லை. பேசாத நா ஒருவரது உழைப்பின் பயனையே பிறர் கைக்கு மாற்றிவிடும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

அச்சம் எளியோர்க்கு மட்டும் உரியதன்று. காந்தியடிகள் 1888-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் சட்டம் பயில்வதற்காகப் பம்பாயிலிருந்து இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். அப்போது அவருக்கு வயது பதினெட்டு. உடன் வந்த மஜ்முதார் என்னும் வழக்கறிஞர் ஒருவரைத் தவிர, அவர் இருந்த வகுப்பில் மற்றையோர் ஆங்கிலேயர். அவர்கள் பேசுவது அவருக்கு எளிதில் விளங்கவில்லை. விளங்கியபோதும் விடை கூற இயலவில்லை. ஒவ்வொரு வாக்கியத்தையும் மனத்திற்குள் அமைத்துப் பார்த்த பின்னரே அவரால் வாய் திறக்க முடிந்தது. அதனால் அறையிலேயே அடைபட்டு, தாம் கொண்டுவந்த இனிப்புகளையும் பழங்களையும் உண்டு நாட்களைக் கழித்தார். மஜ்முதாரோ எல்லாரிடமும் தயக்கமின்றிப் பழகினார். அயல்மொழியில் பிழை நேர்வது இயல்பு. அதனைப் பொருட்படுத்தாது, வாய்ப்பு நேரும்போதெல்லாம் ஆங்கிலம் பேசுக என்று அவர் இளைஞராகிய காந்திக்கு அறிவுறுத்தினார். இச்செய்திகளை அடிகளே தம் சத்திய சோதனையில் எழுதியுள்ளார். அவ்வறிவுரை நல்லறிவுரையே, எனினும் அது கேட்ட அளவிலேயே கூச்சம் அகன்றுவிடவில்லை என்பதையும் அவர் மறைக்கவில்லை. கூச்சம் ஒரு நாளில் நீங்குவதன்று. நாள்தோறும் சிறிது சிறிதாகப் பேசிப் பேசியே அதனைத் தேய்க்க வேண்டும்.

இலண்டன் சேர்ந்த பின்னர், அடிகள் சில காலம் ஆங்கிலக் கனவான் போல ஆக விரும்பினார். நடனம் பயின்றார், பிடில் பயின்றார், மேடைப் பேச்சுக் கலைக்கும் ஆசிரியர் ஒருவரை அமர்த்திக்கொண்டார். ஏறத்தாழ மூன்று மாதங்களில் அம்மயக்கம் தெளிந்தது. தாம் வந்தது கல்வி பெறுவதற்கே என்பதை உணர்ந்து அவற்றை விடுத்தார். இதிலிருந்து நாம் அறியத்தக்க பாடம் ஒன்று உண்டு. ஆங்கிலம் பேசுவது வேறு. ஆங்கிலேயரைப் போல நடிப்பது வேறு. முன்னது தேவை, பின்னது வீண் செலவு.

பிற்காலத்தில், 1893-ஆம் ஆண்டு தென்னாப்பிரிக்கா சென்ற அடிகள், பிரிட்டோரியா நகரில் தாமே ஆங்கில ஆசிரியரானார். அங்கு வாழ்ந்த இந்தியருள் மூவர் அவரிடம் பயின்றனர். ஒருவர் முடிதிருத்துபவர், ஒருவர் எழுத்தர், மற்றொருவர் சிறு கடைக்காரர். அவர்கள் இருக்குமிடத்திற்கே அடிகள் சென்று கற்பித்தார். சில நாட்களில் அவர்கள் தொழிலில் ஈடுபட்டிருப்பர். அடிகள் பொறுமை இழக்கவில்லை. ஏறத்தாழ எட்டு மாதங்களில் இருவர் கணக்கு எழுதவும், வணிகக் கடிதம் வரையவும் கற்றுக்கொண்டனர். முடிதிருத்துபவர் விரும்பியது தம்மிடம் வருவோரிடம் பேசுதற்கு வேண்டிய அளவு ஆங்கிலமே. புலமை பெறவேண்டும் என்று அம்மூவரும் எண்ணவில்லை. தத்தம் தொழிலுக்கு வேண்டியது இன்னதென அறிந்து அதனையே கற்றனர். தொடக்க நிலையில் உள்ளோர்க்கு இதனினும் சிறந்த வழி இல்லை எனலாம்.

அவ்வழியே நோக்கினால், திருப்பூர்ப் பகுதியில் வாழும் இளைஞன் வெறுங்கையுடன் நிற்கவில்லை என்பது புலனாகும். கட்டிங், செக்கிங், அயர்னிங், பேக்கிங், சைஸ், லேபிள், டெலிவரி ஆகிய சொற்களை நாள்தோறும் அவன் வழங்குகின்றான். சொற்கள் உள, அவற்றைக் கோக்கும் நூலே இல்லை. அந்நூல் வாக்கிய அமைப்பு. தமிழில் வினைச்சொல் பெரும்பாலும் இறுதியில் நிற்கும். ஆங்கிலத்தில் அது செயப்படுபொருளுக்கு முன்னே நிற்கும். ‘அவர் துணியை வெட்டுகிறார்’ என்பது ‘ஹீ கட்ஸ் தி கிளாத்’ என்றாகும். ‘இது தயாரா?’ என்னும்போது வினா எழுத்தை நாம் இறுதியில் வைக்கின்றோம். ஆங்கிலத்திலோ ‘இஸ் திஸ் ரெடி?’ எனத் தொடக்கத்திலேயே வினா பிறந்துவிடுகின்றது. இத்தகைய வாக்கியங்கள் சிலவற்றைப் பலமுறை வாய்விட்டுச் சொல்லிப் பழகினால், தெரிந்த சொற்களை அவற்றில் மாற்றி மாற்றி அமைத்துக்கொள்ளலாம்.

கொங்கு நாட்டார் மரியாதைக்குப் பெயர் பெற்றவர். ‘வாங்க’, ‘சொல்லுங்க’ எனச் சொல்லின் ஈற்றிலேயே பணிவைச் சேர்த்துப் பேசுவர். ஆங்கில வினைச்சொல்லில் அவ்வாறு சேர்ப்பதற்கு இடமில்லை. ‘கம்’ என்றால் ‘வா’ என்றும் பொருள்படும்; ‘வாருங்கள்’ என்றும் பொருள்படும். ஆதலின் ‘பிளீஸ்’, ‘தேங்க் யூ’ ஆகிய சொற்களாலும், குரலின் இனிமையாலும் அம்மரியாதையைக் காட்டவேண்டும். இலக்கணத்தில் சிறு பிழை இருப்பினும் கேட்பவர் பொறுப்பர். பணிவு இல்லாவிடில் பொறுப்பது அரிது.

உச்சரிப்பைப் பற்றியும் பலர் வருந்துகின்றனர். தமிழில் மெய்யெழுத்துச் சொல்லுக்கு முதலில் வாராது என்று இலக்கணத்தில் படித்திருக்கின்றோம். அதனாலன்றோ ‘ஸ்கூல்’ என்பதை நம்மவர் ‘இஸ்கூல்’ என்கின்றனர்? ‘பஸ்’ என்பது ‘பஸ்ஸு’ ஆவதும் நம் நாவின் பழைய வழக்கத்தாலேயே. இவை அறியாமையின் அடையாளங்கள் அல்ல; தாய்மொழி நாவில் பதித்த சுவடுகள். இத்தாலிய மொழிச் சொற்களில் பெரும்பாலானவை உயிரொலியில் முடிவன. ஆதலின் இத்தாலியர் சிலரும் ஆங்கிலச் சொல்லின் ஈற்றில் ஓர் உயிரொலியைச் சேர்த்துப் பேசுவதுண்டு. திருப்பூருக்கு வரும் இத்தாலிய வணிகருக்கும் ஆங்கிலம் தாய்மொழி அன்று. அவரும் பிழைகள் செய்தே அதனைக் கற்றார். இருவரும் அயல்மொழி ஒன்றில் சந்திக்கும்போது ஒருவரைக் கண்டு ஒருவர் நாணுவதற்கு என்ன இருக்கின்றது? சுவடுகளைப் பயிற்சியால் மெல்ல மெல்லத் திருத்திக்கொள்ளலாம். திருந்தும்வரை பேசாதிருத்தல்தான் தவறு.

இத்தாலியர் ஒருவர் நம் மொழியைக் கற்ற வரலாற்றையும் இங்கு நினைவுகூர்தல் தகும். பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழகம் வந்தவர் வீரமாமுனிவர். தேம்பாவணி என்னும் பெருங்காப்பியத்தை இயற்றியவரும், 1732-ஆம் ஆண்டில் சதுரகராதியைத் தொகுத்தவரும் அவரே. அத்தகைய பெரும்புலவரும் நம் ழகரத்தையும் றகரத்தையும் முதல் நாளிலேயே செம்மையாக ஒலித்திருக்க இயலுமோ?

பிழைபடப் பேசினால் அப்பிழையே பழக்கமாகிவிடாதா என்று சிலர் வினவலாம். வினா நியாயமானதே. விடை, பேசாமல் இருப்பதன்று. பேசிய பின் திருத்திக்கொள்வதே. நண்பர் இருவர் நாள்தோறும் பத்து நிமிடம் ஆங்கிலத்தில் உரையாடுவதென்று உறுதி செய்துகொள்ளலாம். ஒருவர் பேசும்போது மற்றவர் இடைமறித்தல் கூடாது. பேசி முடித்த பின்னர் ஒரு பிழையை மட்டும் எடுத்துக் காட்டலாம், மறுநாள் மற்றொன்று. எல்லாப் பிழைகளையும் ஒரே நேரத்தில் அடுக்கினால் கற்பவன் நா சுருண்டுவிடும். தனியே இருக்கும்போது ஆங்கிலச் செய்தித்தாளின் ஒரு பகுதியை உரக்கப் படிப்பதும் நற்பயன் தரும். ஐயம் எழுந்தால் ஆசிரியரை அணுகலாம்.

இனிக் கேட்போரது கடமைக்கு வருவோம். பீகார், ஒடிசா முதலிய மாநிலங்களிலிருந்து திருப்பூருக்கு வேலைக்கு வந்தோர் பலர் உளர். அவர்கள் எந்தப் பள்ளியிலும் தமிழ் பயின்றவர் அல்லர். கடையிலும் கம்பெனியிலும் கேட்டும் பேசியும் தமிழைக் கற்கின்றனர். ‘நான் நேற்று வரும்’ என்று ஒருவர் கூறினால், அவர் வந்ததைத்தான் குறிக்கின்றார் என்று நாம் உணர்ந்துகொள்கின்றோம். நம் மொழியைப் பேச முயல்கின்றாரே என்று மகிழவும் செய்கின்றோம். அதே பொறுமையை, ஆங்கிலம் பேச முயலும் நம் வகுப்புத் தோழனிடம் காட்டுகின்றோமா? பெரும்பாலும் இல்லை. அவன் ஒரு சொல்லில் தடுமாறினால் வகுப்பே நகைக்கின்றது. அந்நகைப்பு ஒரு நொடியில் அடங்கிவிடும். ஆனால் நகைக்கப்பட்டவன் பல ஆண்டுகள் வாய் திறவாமல் இருந்துவிடுவான். தோழன் ஒருவனது வாழ்வின் வாயிலை அடைக்கும் சிரிப்பு விளையாட்டாகுமா?

ஆங்கிலம் பேசக் கற்பதால் தமிழ்ப்பற்றுக் குன்றும் என்று அஞ்சவேண்டுவதில்லை. தாய்மொழியில் தெளிவாக எண்ணுபவனே பிறமொழியிலும் தெளிவாகப் பேசுவான். ஆங்கிலம் அறிந்தமையால் ஒருவன் உயர்ந்தவனும் ஆகான். அறியாமையால் தாழ்ந்தவனும் ஆகான். அது நமக்கு ஒரு கருவி. கருவியை வழிபடவும் வேண்டா. அதனைக் கண்டு அஞ்சவும் வேண்டா. எடுத்துப் பழகினால் போதும்.

மாணவர்களே! நாளை உங்கள் வகுப்பில் ஒருவர் எழுந்து, தட்டுத் தடுமாறி ஆங்கிலத்தில் நான்கு சொற்கள் பேசக்கூடும். அவர் பேசி முடிக்கும்வரை அமைதியாகக் கேளுங்கள். அடுத்து நீங்கள் எழுந்து, உங்களுக்குத் தெரிந்த நான்கு சொற்களைப் பேசுங்கள்.