ஜெட்டைப் பார்த்துட்டு கேஸைத் திற!



கேஸ் என்றால் கேஸ்தான், சிலிண்டரில் வந்தால் என்ன, குழாயில் வந்தால் என்ன, எல்லாம் எரியத்தானே போகுது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். பேக்கரி முதலாளிகளும் அப்படித்தான் நினைக்கிறார்கள். அது தப்பு என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை. டிப்ளமோ படிக்கிற நாம் இதில் வாய் மூடி இருக்கக் கூடாது என்பது என் கருத்து.

பிரெஞ்சுக்காரன் 1954-ல் இந்த ஊரை விட்டுக் கிளம்பினான். ரொட்டி கிளம்பவில்லை! இன்றைக்கும் விடியற்காலையில் சைக்கிளில் ரொட்டி போகாத தெரு புதுச்சேரியில் குறைவு. அந்த ரொட்டியைச் சுடும் ஓவன் விறகிலிருந்து சிலிண்டருக்கு வந்தது. அடுத்து குழாய். எண்ணூரில் 2019-ல் திரவ இயற்கை எரிவாயு முனையம் திறந்தார்கள். அங்கிருந்து போடுகிற குழாய்த் திட்டத்தின் பெயரைக் கேளுங்கள்: எண்ணூர் - திருவள்ளூர் - பெங்களூரு - புதுச்சேரி - நாகப்பட்டினம் - மதுரை - தூத்துக்குடி. (ரயில் வண்டிக்குக்கூட இவ்வளவு நீளப் பெயர் கிடையாது.) அதில் ராமநாதபுரம் - தூத்துக்குடி பகுதி, 143 கிலோமீட்டர், 2021 பிப்ரவரியில் தொடங்கி வைக்கப்பட்டது. நம் யூனியன் பிரதேசத்துக்கும் இயற்கை எரிவாயு புதுசு இல்லை. காரைக்கால் டி.ஆர்.பட்டினத்தில் 32.5 மெகாவாட் மின் நிலையம் 2000-லிருந்து இருக்கிறதே, அதற்கு எரிபொருள் இதுதான். மும்பையில் இன்னும் ஒரு படி மேலே போய், விறகும் கரியும் எரிக்கிற பேக்கரிகள் 6 மாதத்தில் மாறியாக வேண்டும் என்று 2025 ஜனவரியில் உயர்நீதிமன்றம் உத்தரவு போட்டது. ஆக, மாற்றம் நம்ம தெருவுக்கும் வரும். யார் கையால் மாற்றப் போகிறோம் என்பதுதான் கேள்வி.

கொஞ்சம் கணக்கு பார்ப்போம், பயப்படாதீர்கள். 1 கன மீட்டர் புரோப்பேன் எரிந்தால் சுமார் 95 மெகாஜூல் வெப்பம். இயற்கை எரிவாயு என்றால் சுமார் 38 தான். அப்போ ஜெட் துளையை இரண்டரை மடங்கு பெரிசாக்கணுமா? இல்லீங்க. லேசான வாயு துளை வழியாக வேகமாகப் பாயும். அதனால் வெப்ப மதிப்பை ஒப்படர்த்தியின் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும். இதற்கு வோப் எண் என்று பெயர். புரோப்பேனுக்கு ஏறக்குறைய 76, இயற்கை எரிவாயுவுக்கு ஏறக்குறைய 50. ஒரே அழுத்தத்தில் துளையின் பரப்பு ஒன்றரை மடங்கு, விட்டம் 1.2 மடங்குக்குக் கொஞ்சம் மேல். அதோடு முடியவில்லை. நம்ம ஊர் சிலிண்டரில் புரோப்பேனும் பியூட்டேனும் கலந்து வருகிறது, குழாயில் வரும் அழுத்தமும் வேறு. ஆகவே ரெகுலேட்டர், ஏர் ஷட்டர், பைலட் ஜெட் எல்லாவற்றையும் ஓவன் செய்த கம்பெனி கொடுக்கும் அட்டவணையைப் பார்த்துத்தான் மாற்ற வேண்டும். டிரில் பிட்டை எடுத்து "ஒரு சைஸ் பெரிசு பண்ணிட்டா போதும்" என்கிற ஆளை ஓவன் பக்கமே விடக்கூடாது!

இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை. என் அப்பா முத்தியால்பேட்டைப் பக்கம் ஒரு பேக்கரியில் 22 வருஷமாக ஓவன் முன்னாடி நிற்கிறார். உள்ளே கையை நீட்டிப் பார்த்தே சூடு எவ்வளவு என்று சொல்லிவிடுவார். போன வருஷம் முதலாளி குஜராத்திலிருந்து செகண்ட் ஹேண்டில் ஒரு டெக் ஓவன் இறக்கினார். அங்கே குழாய் கேஸில் ஓடினது. இங்கே நேராக சிலிண்டரில் மாட்டிவிட்டார்கள். பெரிய துளை, கனமான வாயு... விளைவு என்ன? நீலமாக இருக்க வேண்டிய ஜுவாலை மஞ்சளாக நீண்டு எரிந்தது. தட்டுக்கு அடியில் கரி. ரஸ்க் ஒரு பக்கம் கருகி, ஒரு பக்கம் வெளுத்தது. அப்பாவுக்குத் தினமும் தலைவலி. "ராத்திரி வேலைப்பா, டீ குடிச்சா போயிடும்" என்பார். ஞாயிற்றுக்கிழமை லீவு அன்றைக்கு மட்டும் தலைவலி வராது. சரியாக எரியாத கேஸிலிருந்து கார்பன் மோனாக்சைடு வரும், அதற்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது என்று நான் படித்திருந்தேன். அதனால் போய்ப் பார்த்தேன். ஓவன் முதுகில் ஒரு சின்னத் தகடு. எந்த வாயு, எவ்வளவு அழுத்தம் என்று தெளிவாக அதில் எழுதியிருந்தது, ஆங்கிலத்தில். தினமும் அதைத் துடைத்து வைத்தவர் அப்பாதான். என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் அதைப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான்.

முதலாளியிடம் சொன்னேன். "தம்பி, நீ உன் படிப்பைப் பாரு" என்றார். இரண்டு வாரம் கழித்து ரஸ்க் திரும்பி வந்த பிறகுதான், விஷயம் தெரிந்த ஒரு ஃபிட்டரை சென்னையிலிருந்து வரவழைத்தார். ஜெட் எல்லாம் மாற்றி, மானோமீட்டர் வைத்து அழுத்தம் பார்த்து, சோப்புத் தண்ணீர் தடவிக் கசிவு பார்த்து, முழுசாக ஒரு நாள் வேலை. அப்பாவின் தலைவலி நின்றது.

குழாய் வரும்போது இதே கூத்து தலைகீழாக நடக்கும். சின்ன ஜெட்டில் லேசான கேஸ், ஜுவாலை சோணி, ரொட்டி வேகாது. அப்போதான் டிரில் பிட் வெளியே வரும். இன்னொரு சங்கதியும் உண்டு. சிலிண்டர் கேஸ் காற்றை விட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனம், கசிந்தால் தரையில் தேங்கும். அதனால் கசிவு காட்டும் கருவியைக் கீழே வைக்கிறோம். இயற்கை எரிவாயு காற்றில் பாதி கனத்துக்குக் கொஞ்சம் கூடுதல், மேலே ஏறும். கருவியைக் கூரைப் பக்கம் மாற்றாவிட்டால் அது சுவர் அலங்காரம்தான்!

பிரிட்டனில் 1967 முதல் 1977 வரை நாடு முழுக்க இயற்கை எரிவாயுவுக்கு மாறினார்கள். சுமார் 4 கோடி அடுப்புகளும் சாதனங்களும். பயிற்சி பெற்ற ஃபிட்டர்கள் வீடு வீடாகப் போய் மாற்றினார்கள். நம்மால் மட்டும் முடியாதா என்ன?

"செலவு யார் தருவது?" என்று முதலாளிகள் கேட்பார்கள். நியாயம்தான், சின்னக் கடைகளுக்கு அது பெரிய தொகை. ஆனால் சிக்கனம் என்று அவர்கள் மிச்சம் பிடிப்பது ஓவன் முன்னால் நிற்கிறவரின் மூச்சில் இருந்து அல்லவா?

நம் பங்குக்கு வருவோம். தெர்மல் பாடத்தில் கலோரிபிக் வேல்யூ கணக்குப் போட்டு மார்க் வாங்குகிறோம். ஒரு பர்னரைக் கழற்றிப் பார்த்தவர் நம் வகுப்பில் எத்தனை பேர்? லேபில் ஒரு பழைய பர்னர், நாலு சைஸ் ஜெட், ஒரு யூ-டியூப் மானோமீட்டர் (வீடியோ இல்லை நண்பா, வளைந்த கண்ணாடிக் குழாய்!) வாங்கித் தரச் சொல்லி மாணவர் பேரவை கேட்க வேண்டும். அதற்குக் காத்திருக்காமல் இன்னொரு வேலையும் செய்யலாம். ஒவ்வொரு பேக்கரியாகப் போய், ஓவன் தகட்டில் இருப்பதைத் தமிழில் ஒரு அட்டையில் எழுதிப் பக்கத்தில் ஒட்டுவது. எந்த வாயு, எவ்வளவு அழுத்தம், ஜெட் அளவு என்ன, கடைசியாக எந்தத் தேதியில் யார் மாற்றினார், அவ்வளவுதான். நாலு பேர் சேர்ந்தால் செமஸ்டர் லீவிலேயே முத்தியால்பேட்டையில் ஆரம்பித்துவிடலாம். வர்றவங்க மெக்கானிக்கல் ஒர்க்‌ஷாப் பக்கம் வந்து என்னைப் பாருங்க.

- மெக்கானிக்கல் பிரிவு மாணவன்